மூப்பர் வீட்டுப் பசு

மிஷன் ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்த முதல் வாரம் முழுக்க நான் ஜெபம் பண்ணினேன். ஒரே ஜெபம்தான். ஞானமுத்து மூப்பர் விழ வேண்டும். யாருக்கும் தெரியாமல் தனியாக விழக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சபை முழுக்கக் கூடியிருக்கும்போது விழ வேண்டும். நான் முன் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.

இப்படித் தொடங்குவதற்காக யாராவது வருத்தப்பட்டால் படட்டும். சாட்சி சொல்ல வருகிறவர்கள் கசப்பை எல்லாம் கழுவித் துடைத்துவிட்டுத்தான் மேடை ஏறுகிறார்கள். எனக்கு அது முடியவில்லை. மாலையானால் ஏறும் காய்ச்சலோடு கிடப்பவர்களும், ஒரு மனிதனை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்களும் இதைப் படித்தால் போதும்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டினம். எண்பதுகளில் ஓசூரில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம், எங்கெங்கிருந்தோ ஆட்கள் மெஷின் வேலைக்கு வந்தார்கள். நான் மாட்டு வேலைக்கு வந்தேன். மத்திகிரியைத் தாண்டி ஒரு தனியார் பால் பண்ணை. கம்பெனி கேண்டீன்களுக்கு அங்கிருந்து பால் போகும். கறப்பது, தீவனம் வைப்பது, சினை மாடு கன்று போடும்போது கூட நிற்பது எல்லாம் என் பொறுப்பு. மத்திகிரியிலேயே ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தேன்.

எங்கள் சபையில் பாதிக்கு மேல் தெற்கத்திக்காரர்கள். சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் ஞானமுத்து மூப்பரும் திருநெல்வேலிப் பக்கம்தான். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவர் ஜெபிக்க எழுந்தால் பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோவார்கள், அப்படிக் குரல். அவருடைய இரண்டாவது மகள் எஸ்தருக்கும் எனக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை மாடு மேய்ப்பவன் என்பதில் அவருக்குக் குறைதான். எஸ்தர் பிடிவாதமாகச் சரி என்று சொன்னதால் ஒத்துக்கொண்டார்.

அந்த வருஷம் பண்ணையில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரு கலைத்தன. ஏழு மாதம், எட்டு மாதச் சினையில் செத்த கன்று விழும். நஞ்சுக்கொடி விழாமல் உள்ளேயே நிற்கும். கையை விட்டுப் பிரித்து எடுப்பேன். அரிவாள் கிழித்த காயம் விரலில் இருந்தது, அதோடேதான் எடுத்தேன். முதலாளி அந்த மாடுகளை மலிவாகத் தள்ளிவிட ஆரம்பித்தார்.

"மாப்ளே, வீட்டுக்கு ஒரு மாடு பாத்து விடும். பண்ணை மாடுன்னா பால் நெறையக் கறக்கும்லா" என்றார் மூப்பர்.

அவரைச் சந்தோஷப்படுத்த எனக்கு ஒரு வழி கிடைத்தது. கன்று தவறினாலும் நன்றாகக் கறந்துகொண்டிருந்த ஒரு செவலைப் பசுவை நானே கயிறு பிடித்துக் கூட்டிப்போய் அவர் வீட்டுப் பின்பக்கம் கட்டினேன். அதன் உடம்பில் நோய் இருந்தது அன்றைக்கு எனக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

பிறகுதான் காய்ச்சல் வந்தது. காலையில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் குளிரோடு ஏறும். இரவில் வேர்த்துப் பாயே நனையும். அந்த வேர்வையில் ஈர வைக்கோல் நாற்றம். சில நாள் விட்டுவிடும், குணமாகிவிட்டது என்று வேலைக்குப் போவேன், மறுபடி பிடிக்கும். இடுப்பும் முதுகும் கழன்று விழுவதுபோல வலிக்கும். மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தபோது விதை வீங்கிக் கல்லாக இருந்தது. நடக்க முடியவில்லை.

மாமனாராக வரப்போகிறவர் என்ற உரிமையில் மூப்பரே என்னை ஓசூரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டாக்டர் பார்த்தார். பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"வெளிய போற பழக்கம் உண்டாப்பா?"

எனக்குப் புரியவில்லை. "எங்க சார்?"

"எங்கன்னா? பொம்பளைங்ககிட்ட."

"அய்யோ, இல்ல சார்."

"எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

மூப்பர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். வெளியே வந்ததும் எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறினார். ஒரே ஆட்டோவில் என்னோடு உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிறு காய்ச்சலோடு சபைக்குப் போனேன். பிரசங்கம் முடிந்து ஜெப நேரம். மூப்பர் எழுந்தார். கண்ணை மூடினார். கையை உயர்த்தினார்.

"ஆண்டவரே, எங்க நடுவுல ஒரு வாலிபன் இருக்கான். மாம்சத்துல விழுந்து, வாயால சொல்லக் கூடாத சீக்க உடம்புல வாங்கிட்டு வந்திருக்கான். அவனுக்கு எரங்கும். எங்க பிள்ளைகள அவங்கிட்ட இருந்து காத்தருளும்."

சபை முழுக்க ஆமென் சொன்னது. என் பேரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. கண்ணைத் திறந்த எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அடித்திருந்தால் அடித்திருப்பேன். ஜெபத்துக்கு எப்படிப் பதில் சொல்வது? எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனேன். பெண்கள் பக்கம் எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரமும் புடவையும் அந்த வாரமே ஒரு மஞ்சள் பையில் திரும்பி வந்தன. பண்ணைக்கும் பேச்சு எட்டியது. முதலாளி வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

சேதி கேட்டு அக்கா காவேரிப்பட்டினத்திலிருந்து வந்தாள். மாமாவுக்கு அங்கே டீக்கடை. கடையையும் பிள்ளைகளையும் அவர் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

"ஊரு ஆயிரம் பேசும். நீ எதுனா பண்ணியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"இல்லக்கா."

"அப்ப எழுந்திரு. கர்நாடகா பக்கம் மிஷன் ஆஸ்பத்திரி கீது, இட்டுனு போறேன்."

எல்லையைத் தாண்டி பஸ் போட்ட ஒவ்வொரு குலுக்கலிலும் என் தொடைக்குக் கீழே அவள் தன் கையைத் தலையணையாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமான பெஞ்சு. கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது எல்லா மொழியிலும் இருமினார்கள். சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. என் முறை வந்தபோது உள்ளே ஒரு டாக்டரம்மா இருந்தார். கன்னடக்காரர், நரைத்த தலை. வீக்கத்தைப் பார்த்தார், மண்ணீரலை அழுத்திப் பார்த்தார், முதுகெலும்பைத் தட்டினார். பழைய கேள்வி வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வேலை ஏனு? என்னா வேலை செய்றது?"

"மாட்டுப் பண்ணையில மேடம்."

அவர் கை நின்றது. "கரு போட்ட மாடு இருந்துதா?"

இருந்தது என்றேன். கையை விட்டு எடுத்ததைச் சொன்னேன். விரலைக் காட்டச் சொன்னார். தழும்பைப் பார்த்துவிட்டு, "அட்மிட் ஆகி" என்றார், இங்கேயே சேர்ந்துவிடு என்று.

என் ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். இறந்த கிருமிகளைக் கலந்த மருந்தில் ரத்தத்தின் தெளிநீரை விடுவார்களாம். அந்தக் கிருமியோடு உடம்பு சண்டை போட்டிருந்தால் தயிர்போலத் திரிந்துவிடும். என்னுடையது திரிந்தது. கிருமியின் பெயர் புருசெல்லா. மாட்டில் கருவைக் கலைக்கும். மனிதனுக்கு வந்தால் அலை அலையாகக் காய்ச்சல், மூட்டு வலி, ஆண்களுக்கு விதை வீக்கம். தினம் இடுப்பில் ஒரு ஊசி, பல வாரம் மாத்திரை. ஊசியால் காதில் ஓயாமல் வண்டு ரீங்கரிக்கும், தலை சுற்றும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"தப்பு வழியில வர்ற சீக்கா மேடம்?" என்று அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யார் சொன்னது? இது மாட்டு சீக்கும்மா. பாவம், வேலை செஞ்சதுக்கு வந்தது."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. இனி மூப்பர் என்ன செய்வார்? பக்கத்துக் கட்டிலில் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர் ரஹீம் பாய் படுத்திருந்தார். சர்க்கரையால் கால் விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். என் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். என்னைவிட அவருக்குச் சூடு ஏறியது.

"உடாதே தம்பி. டாக்டரம்மாவையே கூட்டினு போயி உங்க கோயில்ல நிறுத்து. கால் சரியானா நானும் வந்து பின்னாடி நிக்கறேன். அந்தாளு மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்."

நாங்கள் இருவரும் அதையே பேசிப் பேசி மகிழ்ந்தோம். நான் என்ன சட்டை போட்டுக்கொண்டு போவது என்பதுவரை முடிவு செய்தோம். மூப்பர் சபை முன்னால் முழங்காலில் நிற்க வேண்டும் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கட்டும் என்றார் பாய். கோயிலுக்குள் யாரும் செருப்போடு வரமாட்டார்கள் என்று சொன்னதும் அவருக்குச் சப்பென்று போய்விட்டது.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மா ரவுண்ட்ஸில் சொன்னார்: "காய்ச்சாத பால்லயும் இது வரும். கர்ப்பிணிக்கு வந்தா கரு நிக்காது. அந்தப் பண்ணை மாடுங்க இப்போ எங்கே?"

அதற்கு முந்தின நாள்தான், என் அறையிலிருந்து துணி எடுக்க மத்திகிரி போன அக்கா ஒரு சேதி கொண்டு வந்திருந்தாள். மூப்பரின் மூத்த மகள் கிரேஸ் தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பிள்ளை திடமாக இருக்கவேண்டும் என்று வீட்டுப் பசுவின் பாலைக் கறந்த சூட்டோடு, அடுப்பில் வைக்காமல், சொம்பு சொம்பாகக் கொடுக்கிறார்கள்.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் அடிமாட்டுக்குப் போயிடுச்சு மேடம்" என்றேன்.

சொல்லும்போது நாக்கு குழறவே இல்லை. அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் போதும். அவர் வீட்டில், அவர் கேட்டு வாங்கிய மாடு, அவர் மகளுக்கு அவரே கொடுக்கும் பால். இதற்காகத்தான் நான் ஜெபித்தேன், கேட்டதற்கு மேலேயே கர்த்தர் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். கிரேஸ் எனக்கு ஒரு தீங்கும் செய்தவள் இல்லை. அதுவும் தெரியும். தெரிந்தே படுத்திருந்தேன். பாயிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவரே எழுந்து நொண்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார் என்று தெரியும்.

ஆனால் அன்று முதல் ஜெபம் ஓடவில்லை. முழங்கால் போட்டால் வார்த்தை வராது. காதில் வண்டுச் சத்தம் மட்டும் இருக்கும். அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. ஒரு பிற்பகல், வார்டுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜெப அறைக்குப் போனேன். ஒரு மரச் சிலுவை, நாலைந்து பெஞ்சு, திறந்திருந்த ஜன்னலில் துவைத்த போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. உட்கார்ந்து சண்டை போட்டேன்.

"ஆண்டவரே, என் வேலைய எடுத்துக்கிட்ட, போவட்டும். எஸ்தரை எடுத்துக்கிட்ட, போவட்டும். மானத்த எடுத்துக்கிட்ட. இது ஒண்ண மட்டும் எங்கிட்ட உடு."

சொல்லி முடித்ததும் என் காதிலேயே அது விழுந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்று சின்ன வயதிலிருந்து கூப்பிட்டிருக்கிறேன். ஆளுகிறவர் என்றுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். எதை ஆள விட்டேன்? கூப்பிட்ட பெயரைச் சொல்லி வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, உள்ளே நான்தானே அதிகாரம் செய்துகொண்டிருந்தேன். கேட்டதைக் கொடுத்தால் நல்லவர், கொடுக்காவிட்டால் கோபம். மூப்பரும் அப்படித்தான் அவரை வைத்திருந்தார். தன் வாயில் ஒரு கல்லாக, என்மேல் எறிய. நானும் அதே கல்லைத்தான் எடுத்திருந்தேன்.

ஒளி எதுவும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. போய்ச் சொல் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. எனக்கு ஆண்டவர்மேல் ஆத்திரம் வந்தது. "என்னைக் கெடுத்தவன் வீட்டைக் காப்பாத்த என்னையே அனுப்புறியா? வேற ஆளே கெடைக்கலியா?" என்று சத்தமாகவே கேட்டேன். துணி எடுக்க வந்த ஆயா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில், "மன்னிக்க எனக்கு வரல. நீ சொல்றதச் செய்யறேன், அவ்ளோதான்" என்று எழுந்தேன். நான் அவருக்கு முழுசாகக் கீழ்ப்படிந்த முதல் ஜெபம் அதுதான். மரியாதை கொஞ்சமும் இல்லாத ஜெபம்.

முன்பு சொன்னது பொய் என்று டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டு, பசு இருக்கும் இடத்தையும் கிரேஸ் குடிக்கும் பாலையும் சொன்னேன். அவர் கையில் இருந்த ஃபைலை மேசையில் அடித்தார். "உனக்குத் தெரிந்தும் நாலு நாளா அந்தப் பெண் குடிக்கிறாள், நீ இங்கே படுத்திருக்கிறாய்?" பண்ணையில் பழகிய கன்னடம் எனக்கு இருந்ததால், அவர் கன்னடத்தில் திட்டியது எல்லாம் புரிந்தது. "நாளைக்குக் காலை ஊசி போட்டதும் போ. நீயே போ."

அக்கா கூட வந்தாள். மூப்பர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். அவர் பனியனோடு வெளியே வந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"என்னவே? அங்ஙன நின்னே பேசும். வயித்துப்பிள்ளக்காரி இருக்க வீடு."

தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். நான் கனவு கண்ட கூட்டம் அதோ நிற்கிறது. எனக்கு வந்தது மாட்டு நோய் என்று ஒரு சத்தம் போட்டால் போதும். தொண்டைவரை வந்தது.

"அந்தச் செவலைப் பசு பாலைக் காய்ச்சாம குடுக்காதீங்க அய்யா. அதுக்குச் சீக்கு கீது. கிரேஸ் அக்காவ டாக்டர்கிட்டக் காட்டணும். கரு கலைஞ்சிடும்."

"மாட்டக் கட்டுனது நீரு. இப்ப அதுக்குச் சீக்குன்னும் நீரே சொல்லுதீரு. எம் பொண்ணு கெடைக்கலன்னு சாபம் போட வந்தீராக்கும்?"

"சாபம் போடணும்னா நான் ஆஸ்பத்திரியிலயே படுத்திருப்பேன்" என்றேன்.

அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எந் தம்பிய நீங்க நம்ப வேணாம். வர்றபோது ஊசி போட்டுகினு வந்தான், பாருங்க, நிக்க முடியாம நிக்கறான். எதுக்கு வரணும்?"

அப்போது உள்ளேயிருந்து கிரேஸ் வாசற்படிக்கு வந்தாள். கையில் டம்ளர். நுரை அடங்காத பால்.

"எப்பா, எனக்கும் ரெண்டு மூணு நாளா சாயங்காலமானா மேல் காயுதுல்லா. நா சொன்னா நீங்கதான் புள்ளக் காய்ச்சல்னு சொல்லுதிய."

மூப்பரின் மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தார். மகள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, கேட்டுக்கு வந்து, என் கண் முன்னாலேயே சாக்கடையில் கவிழ்த்தார். மூப்பர் வீட்டுக்குள் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து கிரேஸைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவள் ரத்தமும் திரிந்தது. வயிற்றில் பிள்ளை இருப்பதால் என் ஊசி கூடாது, வேறு மாத்திரை. மூப்பருக்குக் கன்னடம் வராது. கவுண்டரில் ஒன்று சொன்னால் இவர் ஒன்று செய்வார். ஒவ்வொரு வரிசையிலும் அவரைக் கூட்டிப்போய் நிறுத்தி, கேட்டதைத் தமிழில் சொல்லி, சொன்னதைக் கன்னடத்தில் சொல்வது என் வேலையாயிற்று. நான் அதைச் சிரித்த முகமாகச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் என் பின்னால் நடந்து வந்த ஒவ்வொரு அடியிலும் உள்ளே ஒரு நாய் குரைத்துக்கொண்டேதான் இருந்தது. நாய் குரைத்தது, நான் நடந்தேன்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிரேஸுக்கு நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. பசுவைக் கால்நடை டாக்டர் சோதித்து ஒதுக்கிவிட்டார். எஸ்தரை அவர்கள் ஊர்ப்பக்கமே கட்டிக்கொடுத்தார்கள். மூப்பர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கடைசிவரை கேட்கவில்லை. நான் அதே சபைக்குத்தான் திரும்பப் போனேன். அவர் ஜெபிக்க எழும்போதெல்லாம் என் கை இறுகும். காலையில் எழுந்ததும், நீ சொல்கிறதைச் செய்கிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் பாயைச் சுருட்டுவேன். அதிலேயே கை பிரியும், மறுநாள் மறுபடி இறுகும். பரம சந்தோஷம் என்று மேடையில் சொல்கிறார்களே, எனக்கு அது இந்த வழியாகத்தான், இந்த அளவில்தான் வந்தது. அதைவிட்டு வேறொன்றும் இதுவரை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கிரேஸைச் சேர்த்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். பெண்கள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஒரு ஓரத்தில் மூப்பர், இன்னொரு ஓரத்தில் நான். வார்டில் உள்ள மற்ற பெண்களின் ஆட்கள் எட்டிப் பார்த்து, என்ன சீக்கு, பிள்ளைத்தாச்சிக்கு எதற்கு இத்தனை சோதனை என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். மொழி புரியாவிட்டாலும் அந்தப் பேச்சின் தொனி அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்திருந்தது. என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"எம் மகளுக்கு என்ன சீக்குன்னு யாராவது கேட்டா, என்ன சொல்ல?"

நான் கேட்டிருந்த அத்தனையும் ஒரே கேள்வியில் என் மடியில் வந்து விழுந்தது. பதில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் அவரை அங்கேயே வெட்டியிருக்கும்.

"மாட்டுக் காய்ச்சல்னு சொல்லுங்க அய்யா" என்றேன். "எனக்கும் அதேதான்."

அவர் தலை மெல்லக் கவிழ்ந்தது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து என் வார்டுக்கு வந்தேன். அக்கா கட்டிலடியில் உட்கார்ந்து கேழ்வரகுக் களியையும் கீரைக் கடைசலையும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். தட்டை வாங்கித் தின்றேன். வழித்துத் தின்றேன். சீக்கு வந்ததிலிருந்து தட்டில் பாதியை மிச்சம் வைத்துவந்த என்னையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இருக்காக்கா?" என்று கேட்டேன்.